ஓம் விதியும் ஒரு விசைப்படகும்



பள்ளியில் பல்லாண்டுகள் அறிவியல் கற்பித்து, தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓம் விதியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆயினும், அவ்விதியைத் துணைகொண்டு கடையில் ஒரு மின்கம்பி வாங்கத் தெரியாதவனாகவே அத்தனை ஆண்டுகளும் இருந்துவிட்டேன். இதனை எனக்கு உணர்த்தியவர் என்னிடம் பயின்ற மீனவர் ஒருவர். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். காவிரிப் படுகையின் வயல்கள் முடிந்து, உப்பளங்களும் சேற்றுக்கரையும் தொடங்கும் இடம் அது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜாப் புயல், எங்கள் பகுதியின் தென்னந்தோப்புகளையும் படகுகளையும் ஒருசேர அழித்தது. அதில் தம் படகை இழந்த அந்த மாணவர், பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை விலைக்கு வாங்கி, இயந்திரம் பொருத்தி, சிறிது சிறிதாகப் புதுப்பித்தார். மின்சார வேலையையும் தாமே செய்தார். வீட்டுக்குப் போடும் மெல்லிய கம்பியை வாங்கி, இணைப்புகளை முறுக்கி, மேலே ஒட்டுநாடாவைச் சுற்றினார். விளக்கு எரிந்தது, நீரிறைக்கும் பம்பும் ஓடிற்று. வேறென்ன வேண்டும் என்றே எவரும் நினைப்பர்.

ஆறு மாதங்கள் கழிந்தன. ஓர் இரவில், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில், படகின் அடித்தளத்தில் நீர் ஏறத் தொடங்கியது. பம்பு முனகியதே அன்றி நீரை இறைக்கவில்லை. விளக்குகளும் மங்கி அணைந்தன. அவரும் அவருடைய மகனும் விடியும்வரை வாளியால் இறைத்து உயிர் தப்பினர். விளக்கில்லாத படகின்மீது பெரிய விசைப்படகு ஒன்று மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

மறுநாள் மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "ஐயா, நீங்கள் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை எல்லாம் சொல்லித் தந்தீர்கள். என் படகுக்கு எத்தனை தடிமனான கம்பி வாங்க வேண்டும் என்று இப்போது சொல்லுங்கள்" என்றார். நான் திகைத்தேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். ஆகவே காகிதமும் பென்சிலும் எடுத்துவரச் செய்து, தெரிந்ததிலிருந்து தொடங்கினேன்.

பம்பின் திறன் 60 வாட். பாட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட். எனவே பம்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதே 60 வாட் விளக்கு, வீட்டில் 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்குச் சற்று மேல்தான் எடுக்கும். வீட்டுக் கம்பியில் ஒரு வோல்ட் வீணானால் நமக்குத் தெரியவே தெரியாது. படகிலோ, ஒரு வோல்ட் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. வீட்டுக்குப் போதுமான கம்பி படகுக்குப் போதாமற் போவதன் காரணம் இதுவே. உயிர்காக்கும் கருவிகளுக்கு இவ்விழப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டலாகாது என்பது படகுத் தொழிலில் பின்பற்றப்படும் நெறி. அதாவது 0.36 வோல்ட்.

ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம் தடை உடையது. பாட்டரியிலிருந்து பம்புக்குத் தூரம் 6 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.2 வோல்ட் என்று கணக்கிட்டு, "இதுவே போதும்" என்றேன் பெருமிதத்துடன்.

மாணவர் காகிதத்தை உற்று நோக்கினார். "ஐயா, போன மின்சாரம் திரும்பி வர வேண்டாமா? சுற்று முழுமை பெறாவிட்டால் மின்சாரம் ஓடாது என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்?" என்றார்.

நான் வெட்கினேன், மகிழவும் செய்தேன். திரும்பும் வழியையும் சேர்த்தால் கம்பியின் நீளம் 12 மீட்டர். இழப்பு 0.4 வோல்ட்டைத் தாண்டுகிறது, எல்லை மீறிவிட்டது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.26 வோல்ட், அதுவே தக்கது. அவர் முதலில் போட்டிருந்த ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியிலோ ஒரு வோல்ட்டுக்கு மேல் வீணாகியிருக்கிறது! போதாக்குறைக்கு, முறுக்கிய இணைப்புகளில் உப்புநீர் புகுந்து பச்சை நிறக் களிம்பு ஏறி, தடையை மேலும் பெருக்கியிருந்தது.

பிறகு இருவரும் கம்பியைத் தொடுமுன் முழுப் படத்தையும் வரைந்தோம். திட்டமிட்டபின் செய்வதே முறை அன்றோ? அப்படத்தின் சாரம் இது. கம்பி பல இழைகள் கொண்டதாயும், ஒவ்வோர் இழையும் வெள்ளீயம் பூசியதாயும் இருத்தல் வேண்டும். ஒற்றைக் கம்பி இயந்திரத்தின் அதிர்வில் முறிந்துவிடும். கம்பியின் முனைகளில் தாமிர லக்குகளை நெருக்கிப் பொருத்த வேண்டும். நீர் தேங்கும் மட்டத்திற்கு மேலாகக் கம்பியைக் கொண்டுசென்று, முழத்துக்கு ஒரு பிடி போட வேண்டும். பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் ஃபியூஸ் இருத்தல் வேண்டும். ஃபியூஸ் கருவியைக் காப்பது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கம்பியைத் தீயினின்று காப்பது. ஆதலால் கம்பி தாங்கும் அளவைவிட ஃபியூஸின் அளவு மிகலாகாது. பம்பின் மிதவைச் சுவிட்சை, தலைமைச் சுவிட்சின் வழியாகக் கொண்டுசெல்லாமல், தனி ஃபியூஸ் வைத்து நேரே பாட்டரியுடன் இணைத்தோம். ஆளில்லாத நேரத்திலும் பம்பு விழித்திருக்க வேண்டும் அல்லவா? மின்னேற்றும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது இலேசானது, மேலே எழுவது. ஆகவே பாட்டரிப் பெட்டியின் மேற்புறத்தில் காற்றுவழி வைத்தோம்.

விளக்குகளிலும் ஒரு கணிதம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்விதிகளின்படி, இடப்புறச் சிவப்பு விளக்கு 112.5 பாகையும், வலப்புறப் பச்சை விளக்கு 112.5 பாகையும், பின்புற வெள்ளை விளக்கு 135 பாகையும் ஒளி வீச வேண்டும். கூட்டிப் பாருங்கள்; 360 பாகை, முழு வட்டம்! எத்திசையிலிருந்து வருபவனுக்கும் ஒரு விளக்கேனும் தெரியும். தெரியும் நிறத்தைக்கொண்டு அப்படகு எப்பக்கமாகச் செல்கிறது என்பதையும் அவன் அறிவான்.

வேலை முடிய மூன்று வாரங்கள் ஆயின. ஒவ்வொரு கம்பிக்கும் எண் இட்டு, படத்தின் நகல் ஒன்றை ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினார் மாணவர். "நான் இல்லாத நாளில் என் மகன் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், ஐயா" என்றார். அதற்கடுத்த வடகிழக்குப் பருவமழையில் ஓர் இரவு முழுவதும் படகில் நீர் ஏறியதாம். பம்பு தானே ஓடித் தானே நின்றதாம். தாம் நன்றாக உறங்கியதாகக் கூறிச் சிரித்தார்.

மாணவச் செல்வங்களே! 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் ஓம், அதற்கு முன் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் தந்த சிறிய சமன்பாட்டில், பாக்கு நீரிணையில் செல்லும் ஒரு தந்தையும் மகனும் உயிரோடு கரை திரும்புவது அடங்கியிருக்கிறது. நீங்கள் கற்கும் ஒவ்வொரு விதியையும் நோக்கி, "இதைக்கொண்டு நான் எதை அளப்பேன்?" என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் ஆசிரியரைக் கேளுங்கள். அவர் கணக்கில் பிழை செய்தால், என் மாணவர் செய்ததுபோல, பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். நல்லாசிரியர் அதனைக் குறையாகக் கொள்ளார்.