காசு யாருக்காக, முடிவு யாருடையது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட வகுப்பில், சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், கொழுந்து நிறை, சேமலாப நிதி, வீட்டுக் காணி என்றுதான் இந்த வகுப்பில் வழக்கமாகப் பேசுவோம். இன்று நாம் பேசப்போவது, நமது லயன்களில் இருந்தும் நமது கூட்டங்களில் பேசப்படாத சிலரைப் பற்றி.

ஒரு தாய் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறாள். சரியாக நடக்கவோ பேசவோ முடியாத பிள்ளையை வயதான அப்பாயியிடம் விட்டுவிட்டுப் போகிறாள். பிள்ளைக்காம்பராவில் வைத்துக்கொள்ளும் வயது தாண்டிவிட்டது. பாடசாலையிலும் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. கிளினிக் நாளில் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. அப்பாயியும் கண் மூடிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் அவள் மலை ஏறுகிறாள். இப்படி ஒரு வீட்டையாவது தெரியாத தலைவர் இங்கே இருக்க மாட்டார்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பெற்றோர் போராடிப் பெற்ற பதிலை இன்று பார்ப்போம். அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லதும் உண்டு, கவனிக்க வேண்டிய ஓட்டையும் உண்டு.

1960கள் வரை அங்கேயும் இப்படியான பிள்ளைகளுக்கென்று அரசு வைத்திருந்தது பெரிய அரச ஆஸ்பத்திரிகளைத்தான். பிள்ளையை அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் வைத்துத் தனியாகப் பாடுபட வேண்டும். ஒப்படைப்பதற்கும் நீண்ட காத்திருப்புப் பட்டியல் இருந்தது. பெற்றோர் சங்கமாகத் திரண்டு, எங்கள் பிள்ளை எங்கள் ஊரிலேயே வாழ உதவி செய்யுங்கள் என்று கேட்டார்கள். அதன் பயனாக 1969ல் ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த மாநில சட்டமன்ற உறுப்பினர் பிராங்க் லன்டர்மனின் பெயராலேயே அது லன்டர்மன் சட்டம் எனப்படுகிறது.

இன்று அந்தச் சட்டத்தின்படி, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பெருமூளை வாதம், வலிப்பு, ஓட்டிசம் போன்றவை 18 வயதுக்கு முன் தொடங்கி, வாழ்க்கைக்குப் பெரிய தடையாகத் தொடருமானால், அந்த நபருக்கு உதவி பெறும் உரிமை உண்டு. அதை நடத்த மாநிலம் முழுவதும் 21 பிராந்திய நிலையங்கள் இருக்கின்றன. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றின் மூலம் உதவி பெறுகிறார்கள்.

உரிமை கிடைத்தது. ஆனால் முடிவு இன்னும் பிள்ளையின் கையிலோ பெற்றோரின் கையிலோ வரவில்லை. நிலையம் பணத்தைச் சேவை நிறுவனத்துக்குக் கொடுக்கும். அந்த நிறுவனமும் நிலையத்தில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பகல் நேரப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினால் அங்கேதான் போக வேண்டும். அனுப்பப்படும் பராமரிப்பாளருக்கு நமது மொழி தெரியாவிட்டாலும் அவரோடுதான் சமாளிக்க வேண்டும். என்ன சாமான், என்ன விலை என்பதை அடுத்தவர் தீர்மானித்து, பற்றுக் கொப்பியில் மட்டும் நமது பெயரை எழுதும் கடை நமக்குப் புதிதல்ல.

குடும்பங்கள் மறுபடியும் கேட்டார்கள்: எங்கள் பிள்ளைக்கென்று ஒதுக்கும் பணம் எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லுங்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம். முதலில் சில நிலையங்களில் சிறிய அளவில் இது நடத்திப் பார்க்கப்பட்டது. 2013ல் மாநிலம் முழுவதற்கும் சட்டமானது. மத்திய அரசின் அங்கீகாரம் 2018ல்தான் கிடைத்தது. தொடக்கத்தில் 2,500 பேருக்கு மட்டுமே இடம், அதற்கும் குலுக்கல். 2021 யூலை 1 முதல்தான் பிராந்திய நிலையங்களின் உதவி பெறுவோர் விரும்பினால் எல்லோருமே சேரலாம் என்ற நிலை வந்தது. சட்டம் வந்த பிறகும் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அதன் பெயர் சுயநிர்ணய நிகழ்ச்சித்திட்டம். இந்த நாட்டில் சுயநிர்ணயம் என்றதும் நமக்கு அரசியல் மேடைதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே அது, காலையில் எத்தனை மணிக்கு எழும்புவது, யார் என்னைக் குளிப்பாட்டுவது, பகலில் நான் எங்கே போவது என்பவற்றை நானே முடிவு செய்வது.

இது எப்படி நடக்கிறது? முதலில் அந்த நபருக்கு என்ன வேண்டும், எப்படி வாழ விருப்பம் என்று அவரையும் குடும்பத்தையும் வைத்து ஒரு திட்டம் எழுதப்படும். பிறகு ஓர் ஆண்டுக்கு அவருக்கென்று ஒரு தொகை நிர்ணயிக்கப்படும். இதைத்தான் தனிநபர் வரவு செலவுத் திட்டம் என்கிறோம். இருப்பிட உதவி, வேலையும் ஊரோடு கலந்து வாழ்வதும், சுகாதாரமும் பாதுகாப்பும் என்று அதில் மூன்று தலைப்புகள் உண்டு. ஒரு தலைப்பில் ஒதுக்கியதில் 10 வீதம் வரை வேறொரு தலைப்புக்கு அனுமதி கேளாமலே மாற்றவும் 2013 சட்டம் இடம் கொடுத்தது.

ஓட்டிசம் உள்ள 25 வயது இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பராமரிப்பு இல்லத்தின் சத்தம் அவனுக்கு ஒத்துவரவில்லை. சமையல் பழக ஆசைப்படுகிறான். பழைய முறையில் அந்த இல்லத்துக்குப் போகாவிட்டால் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். புதிய முறையில் அவனுக்குப் பழக்கமான, அவன் மொழி பேசும் அயலவர் ஒருவரைத் துணையாக அமர்த்தி, ஊரிலுள்ள சமையல் வகுப்புக்கே போகலாம். உடம்பைத் தொட்டுப் பராமரிப்பவர் என்றால் அவருடைய குற்றப் பின்னணி பரிசோதிக்கப்படும். நிலையத்தில் பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

காசைக் கையில் எண்ணிக் கொடுப்பதில்லை. நிதி முகாமைச் சேவை என்றொரு நிறுவனம் நடுவில் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். துணையாக வருபவருக்கான கொடுப்பனவு அதன் வழியாகவே போகும். யார் முதலாளி என்பதிலும் தெரிவு உண்டு. குடும்பமே முதலாளியாக இருக்கலாம், அல்லது அந்த நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டாக இருக்கலாம்.

இந்த இடத்தில் தொழிற்சங்கக்காரர் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு குடும்பம் ஒரு தொழிலாளியை வேலைக்கு வைத்தால், அந்தத் தொழிலாளியின் உரிமை என்ன? கவனிக்கப்படுபவரும் நம்மவர், கவனிப்பவரும் நம்மவர். தொகை குறைந்தால் பிள்ளையின் நேரம் வெட்டப்படும், அல்லது பராமரிப்பவரின் கூலி வெட்டப்படும். இரண்டு ஏழைகளை மோதவிட்டு மேலே உள்ளவர் கணக்கை மூடிவிடலாம்.

இதற்கும் கலிபோர்னியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அங்கே முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டிலேயே பராமரிக்க வேறொரு அரச திட்டம் நெடுங்காலமாக நடக்கிறது. பெற்றோரும் உறவினரும் கூட அதில் கூலி பெறும் பராமரிப்பாளராகலாம். ஆனால் யாரிடம் போய்ச் சம்பளம் பேசுவது? மாவட்ட நிர்வாகம், நாங்கள் முதலாளி இல்லை என்றது. கவனிக்கப்படுபவரோ ஏழை. தொழிற்சங்கமும் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் பேசி ஒரு வழி கண்டார்கள். ஆளை அமர்த்துவதும் நிறுத்துவதும் கவனிக்கப்படுபவரின் உரிமையாகவே இருக்கும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு மட்டும் பொது அதிகாரசபை ஒன்று முதலாளியாக நிற்கும். அந்த வழியில் 1999ல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 74,000 வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர்கள் ஒரே தேர்தலில் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தனித்தனி வீடுகளில், ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்தவர்கள்.

இனி அந்த ஓட்டையைப் பார்ப்போம். இதைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தனிநபர் தொகையை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? கடந்த 12 மாதங்களில் அந்த நபருக்காக நிலையம் எவ்வளவு செலவழித்தது என்பதுதான் தொடக்கக் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த ஆண்டு ஒன்றுமே கிடைக்காதவருக்கு? அங்கே ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் பல. பண்ணையிலும் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் உழைப்பவர்கள் அவர்களில் ஏராளம். பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். படிவம் புரியாது. எதைக் கேட்கலாம் என்று சொல்வாரும் இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்காகச் செலவழிக்கப்படும் தொகை வெள்ளையரின் பிள்ளைகளுக்கானதைவிடக் குறைவு என்பதை அரசு வெளியிடும் கணக்குகளே ஆண்டுதோறும் காட்டுகின்றன. பழைய செலவே புதிய தொகைக்கு அடிப்படையானால், பழைய அநியாயமும் அதோடு சேர்ந்தே வரும்.

இதைத் திருத்தச் சட்டத்தில் வழி உண்டு. நிலைமை மாறினாலோ, முன்பே இருந்த தேவை கவனிக்கப்படாமல் விடப்பட்டிருந்தாலோ, தொகையைக் கூட்டிக் கேட்கலாம். ஆனால் தேவை கவனிக்கப்படவில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும், எழுத வேண்டும், விடாமல் நிற்க வேண்டும். ஆளும் எழுத்தும் இல்லாத குடும்பத்துக்கு அந்த வழி அடைத்தே கிடக்கும்.

தோழர்களே, பதிவில் இல்லாதவருக்குப் பங்கும் இல்லை என்ற கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரஜாவுரிமை இல்லாமல், வாக்கு இல்லாமல், முகவரி இல்லாமல் அதை அனுபவித்த சமூகம் நாம்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ல் ஏற்று உறுதிப்படுத்தியது. தான் எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமையும், அதற்குத் தனிப்பட்ட உதவியாளரைப் பெறும் உரிமையும் அந்தச் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரையில் உள்ளன. கையில் கிடைப்பது மாதாந்தக் கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பிள்ளைக்கும், கொஞ்சம் கைப்பிடித்தால் நடக்கும் பிள்ளைக்கும் ஒரே தொகை. தேவையைப் பார்த்து அளந்தது அல்ல அது.

ஒவ்வொருவருக்கும் தேவைக்கேற்ற ஒதுக்கீடு என்ற கோரிக்கை இங்கே ஒரே நாளில் நிறைவேறாது. ஆனால் அந்த நாள் வரும்போது, நமது பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் எழுத்து இருக்க வேண்டும். ஆகவே இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு தலைவரிடமும் தலைவியிடமும் மூன்று காரியங்கள் கேட்கிறோம்.

முதலாவது, உங்கள் டிவிஷனில் இப்படியான பிள்ளைகளும் வளர்ந்தவர்களும் எத்தனை பேர் என்று வீட்டாரின் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மறைத்து வைத்திருக்கும் வீட்டுக்கு மாதர் தலைவி தனியாகப் போய்ப் பேசட்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லட்டும்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, வைத்தியரின் கடிதம் எல்லாம் அதோடு இருக்கட்டும். யார் சோறு ஊட்டுவது, யார் குளிப்பாட்டுவது, அதற்காக யாருக்கு எத்தனை நாள் பேர் போனது என்பதையும் எழுதுங்கள். தாயும் அப்பாயியும் செய்வது வேலை. வேலை என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது, கொடுப்பனவு கிடைக்காத வீட்டாரைத் தனியாக அனுப்பாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கமிட்டியிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் கொப்பியை எழுதும்போது பெற்றோரிடம் மட்டும் கேட்காதீர்கள். பேச முடியாத பிள்ளையும் சிரிப்பால், முகம் திருப்புவதால், கை தட்டிவிடுவதால் தனக்குப் பிடித்ததைச் சொல்லும். அதையும் எழுதுங்கள். காசு அந்தப் பிள்ளைக்காக என்றால், முடிவில் அதற்கும் ஒரு வாக்கு உண்டு.