ஒரே தோற்றம், இரு நோய்கள்



விடைத்தாளைப் பிரித்துப் பாராது, மாணவனின் முகத்தைக் கண்டே புள்ளியிடும் ஆசிரியரை எவரும் மெச்சார். நோயை அறிவதிலும் நியதி இதுவே. "கணையத்தில் கட்டி" என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே வீட்டார் மனமுடைந்து போகின்றனர். ஆனால், அக்கட்டிகள் யாவும் ஓரினத்தன அல்ல.

பாடநூல்களில் சதையி என வழங்கும் கணையம், இரைப்பைக்குப் பின்னே குறுக்காக அமைந்த உறுப்பாகும். அங்கே தோன்றும் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை அதன் கான்களிற் பிறப்பவை. நிணநீர்க் கலங்களிற் பிறக்கும் நிணநீர்ப் புற்றுநோயோ மிக அரிது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வயிற்றுவலி, உடல் மெலிவு, செங்கண்மாரி ஆகிய குறிகள் இரண்டிற்கும் பொதுவானவை. சிகிச்சையோ முற்றிலும் வேறு.

இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? கட்டி பெரிதாயிருந்தும் கணையக் கான் அதிகம் விரியாதிருக்கலாம். சிறுநீரக நாளங்களுக்குக் கீழேயுள்ள நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருக்கலாம். குருதியிலே சி.ஏ. 19-9 என்னும் பொருள் பெரிதும் உயராதிருக்கலாம். இவை ஐயத்தை எழுப்புவன, தீர்ப்பன அல்ல. தீர்ப்பது இழையப் பரிசோதனையே. கழியொலிக் கருவி பொருத்திய அகநோக்கியை வாய்வழியே இரைப்பைக்குட் செலுத்தி, அங்கிருந்து ஊசியால் கட்டியின் சிறு துணுக்கை எடுப்பர். அதற்குப் பிறபொருளெதிரிகளைக் கொண்டு சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். பரிசோதனைக்கு முன்னரே ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தால் கட்டி சுருங்கி, உண்மை மறைந்துவிடவுங் கூடும்.

கான்களிற் பிறக்கும் புற்றுநோயைக் குணமாக்கச் சத்திரசிகிச்சையே முதன்மையான வழி. அமெரிக்கரான அலன் விப்பிள் 1935ஆம் ஆண்டில் விவரித்த பெருஞ் சத்திரசிகிச்சை அதற்கானது. நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பொதுவாக அது வேண்டியதில்லை. இதிலே மிகுதியாகக் காணப்படும் பெரும் பி-கல வகைக்கு, ஆர்-சொப் எனப்படும் ஐந்து மருந்துகளின் கூட்டை 21 நாட்களுக்கு ஒரு முறையாக, வழமையில் ஆறு முறை கொடுப்பர். அவற்றுள் ஒன்றான வின்கிறிஸ்ரின், நம் வீட்டு முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படுவது. மற்றொன்றான ரிற்றுக்சிமாப், 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறபொருளெதிரி மருந்து. அதனைத் தொடங்குமுன் ஈரலழற்சி 'பி' உண்டா எனச் சோதித்தல் அவசியம். மறைந்து கிடக்கும் அக்கிருமி மீண்டும் தலைதூக்கலாம்.

எல்லோரும் குணமடைவர் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் மருந்துக்கு நன்கு இணங்கும் நோய் இது. முற்றாக நீங்கப் பெற்றவர்களும் உளர். ஆதலால், உங்கள் உறவினர் ஒருவருக்குக் கணையத்திற் கட்டி எனக் கேட்க நேர்ந்தால், அழுமுன் வைத்தியரிடம் ஒன்றைப் பணிவுடன் வினவுங்கள்: "ஐயா, இது எவ்வகைக் கட்டி என்று உறுதியாகிவிட்டதா?"