சேர் ஹரி சீக்கம்

வேல்ஸ் நாட்டார் பாட்டிலே பெரும் பற்றுடையவர்கள். அந்நாட்டின் துறைமுக நகரான சுவான்சீயில் 1921ஆம் ஆண்டு பிறந்த ஹரி சீக்கமும் சிறுவயதில் தேவாலயத்தில் பாடிப் பழகியவரே. ஆயினும் உலகம் அவரை முதலில் அறிந்தது நகைச்சுவை நடிகராகத்தான்.

உலகப் போரின்போது வட ஆபிரிக்கப் போர்முனையில், பெரும் பீரங்கியொன்று மேட்டிலிருந்து உருண்டு அவரிருந்த லொறியின் அருகே வீழ்ந்தது. சற்று நேரத்தில், பீரங்கி ஒன்றைக் கண்டீர்களா என்று வினவியவண்ணம் ஒரு சிப்பாய் வந்தார். அவரே ஸ்பைக் மில்லிகன்! 1951 முதல் 1960 வரை பி.பி.சி. ஒலிபரப்பிய 'கூன் ஷோ'வில், மில்லிகன் படைத்த ஏமாளி நெடி சீகூனுக்குக் குரல் கொடுத்தவர் சீக்கம். முகங்காட்டாது ஒரு நாட்டையே சிரிக்கவைப்பது எளிய கலையன்று.

1968இல் 'ஒலிவர்' திரைப்படத்தில் பாடி நடித்தார். 1981இல் சேர் பட்டம் பெற்றார். உருக்கமாகப் பாடி முடித்ததும், தாமே சிரித்து அவ்வுருக்கத்தைக் கலைத்துவிடுவது அவர் வழக்கம்.

1997இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சுத் தடுமாறியது. குரலையே முதலாகக் கொண்டவர் அதனை மறைக்கவில்லை. தொலைக்காட்சியில் தோன்றித் தாம் மீண்டுவரப் பட்ட பாட்டை நாடறியக் காட்டினார்.

2001இல் சீக்கம் காலமானபோது, தமது இறுதிச் சடங்கில் பாட அவர் இருக்கமாட்டாரென மில்லிகன் வேடிக்கையாக மகிழ்ந்தார். மறு ஆண்டு மில்லிகனும் மறைந்தார். அவரது நினைவு வழிபாட்டில் ஒலித்தது சீக்கத்தின் பாட்டு. ஒலிப்பதிவாக வந்து பாடிவிட்டார்.