ஆற்றுக் கல்லிலே கபிலப் பாசி



பாசியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசையிலே சிலர் புன்னகை புரிந்தனர். கோயிற் கேணிப் படியிலே வழுக்கி விழுந்தவர்களுக்கு நாம் பாசியை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லைதான். ஆனால் அது பச்சைப் பாசி. இன்று நாம் எடுத்துக்கொண்டது கபிலப் பாசி.

கபிலப் பாசிகள் பெரும்பாலும் கடலுக்கே உரியவை. ஏறத்தாழ 2000 இனங்களுள் நன்னீரில் வாழ்வன நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தச் சிலவற்றுள் ஒன்றுதான் ஹெரிபோடியெல்லா. ஓடும் நீரின் அடியிலுள்ள கற்களிலே எண்ணெய்க் கறைபோலப் படர்ந்து ஒட்டிக் கிடக்கும்.

அதற்குப் பெயர் வந்த கதை சுவையானது. 1875 இல் சுவீடன் நாட்டு ஆரெஸ்கூக் அதனை லிதோடெர்மா என்னும் கடற்பாசிச் சாதியிலே சேர்த்தார். 1896 இல் பிரான்சிலே கொமோன் என்பவர் ஒவேர்ண் மாகாணத்துப் பாசியொன்றைப் புதிய சாதியாகக் கண்டு, அம்மாகாணத்திலே பாசி தேடித் திரிந்த சகோதரர் ஹெரிபோவின் பெயரை அதற்கு இட்டார். அவர் கிறித்தவப் பாடசாலைச் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு இதிலே ஒரு தனி மகிழ்ச்சி. பின்னர், 1930 இல், உப்சாலா நகரத்து நில்ஸ் ஸ்வெடேலியஸ், ஆரெஸ்கூக்கின் பாசியைக் கடற் சாதியினின்றும் பிரித்தெடுத்து, ஹெரிபோடியெல்லா புளுவியாட்டிலிஸ் என்று பெயரிட்டார். ஆற்றுப் பாசிக்குத் தனி வீடு கிடைத்தது.

இந்த ஸ்வெடேலியஸ் நமக்கு அந்நியர் அல்லர். இலங்கைக்கு வந்து, நமது கடலிலுள்ள கோலெர்ப்பா என்னும் பச்சைப் பாசிகளை ஆராய்ந்து, 1906 இல் நூல் வெளியிட்டவர். அவர் நம் நாட்டு ஆற்றுக் கற்களையும் சற்றுக் குனிந்து பார்த்திருக்கலாகாதா என்று எமக்கு ஓர் ஆதங்கம்!

நெடுங்காலம் இப்பாசி மிக அரிதென்றே எண்ணப்பட்டது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவிலே வேர், ஸ்டைன் என்னும் இருவர் ஓடை ஓடையாகத் தேடினர். பல இடங்களிற் கிடைத்ததை 1985 இல் வெளியிட்டனர்.

இதைப் படித்த உற்சாகத்திலே விடுமுறைக்கு வந்த நாம் இறக்காமக் குளத்து வாய்க்காலில் இறங்கினோம். துருசுக்குக் கீழே, நீர் பாயும் இடத்திலே, கபிலக் கறை படிந்த கற்கள்! "தம்பிமாரே, கல்லுக்கும் பஞ்சமா?" என்று வட்டை விதானைக் காக்கா கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. புதிய பாசிக்கு ஊர்ப்பெயரையே இடுவதென்று வழியிலேயே தீர்மானமும் செய்துவிட்டோம்.

பல்கலைக்கழகத்திலே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது தெரிந்தது, அத்தனையும் தயற்றங்கள். கண்ணாடி போன்ற சிலிக்காக் கூடுடைய நுண்ணுயிர்கள். கபிலப் பாசிக்கு நிறந்தரும் பியூக்கோசாந்தின் அவற்றிலும் உண்டு. நிறத்தை நம்பி வகைப்படுத்தியதனால் வந்த வெட்கம் அது. நண்பர்கள் இன்னும் மறக்கவில்லை.

விரலால் தேய்த்திருந்தாலே பாதி விளங்கியிருக்கும். தயற்றப் படலம் பெரும்பாலும் வழவழவென்று கையோடு வந்துவிடும். ஹெரிபோடியெல்லா எளிதில் அசையாது. கத்தியாற் சுரண்ட வேண்டும். சுரண்டியதை நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்ந்த வரிசைகளாய், நெருங்கி நிற்கும். வித்திப்பைகளையும் கண்ட பின்னரே பெயரைப் பற்றிப் பேசலாம்.

வருகிற கச்சான் காலத்திலே, நீர் வற்றிக் கற்கள் வெளிப்படும்போது, மறுபடியும் போகிறோம். இம்முறை வாய்க்காலோடு நில்லாமல், மேலே பட்டிப்பளை ஆற்றின் கற்பாறைகள் வரை செல்ல எண்ணம். கத்தி இருக்கிறது. அகன்ற வாய்ப் போத்தல்கள் பத்து வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.