வளனாரின் காத்திருப்பு



கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்த நாட்களைக் கத்தோலிக்கத் திருச்சபை திருவருகைக் காலம் என அழைக்கிறது. குருவின் ஊதா நிறத் திருவுடையும், மூன்றாம் ஞாயிறன்று மட்டும் தலைகாட்டும் இளஞ்சிவப்பும், ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடாமல் விடுவதும் இக்காலத்தின் அடையாளங்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதன் பிற்பகுதி மார்கழியோடு கலந்துவிடுகிறது. தில்லையின் தெருக்கள் மார்கழித் திருவாதிரைக்காக விடியுமுன்னே விழித்துக்கொள்ள, அண்டை வீட்டார் திருமணத்தையும் புதுமனை புகுவிழாவையும் தை மாதத்துக்குத் தள்ளிவைக்க, அதே தெருவின் கிறித்தவ வீட்டில் வெள்ளையடிப்பும் நட்சத்திர விளக்கும் குடிலுக்கான வைக்கோலும் பேச்சாகின்றன. அவ்வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருப்பாளாயின், காத்திருப்பு இரட்டிப்பாகிறது.

அங்கே இரண்டு வழக்கங்கள் எதிரெதிரே நிற்பதைக் காணலாம். பிறவாத பிள்ளைக்குத் தொட்டிலும் புதுத்துணியும் வாங்கலாகாது என்பது தமிழ்நாட்டுப் பாட்டிமாரின் கண்டிப்பு. பேறுகாலத்தில் தாயும் சேயும் பிழைப்பது உறுதியில்லாதிருந்த தலைமுறைகள் விட்டுச்சென்ற அச்சம் அதில் உறைந்திருப்பதால், மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்கத்தக்கதன்று அது. குடிலோ, குழந்தை வருமுன்னரே தீவனத் தொட்டியை வைத்துவிடுகிறது. 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் அசிசி நகரப் பிரான்சிஸ் அமைத்த குடிலிலிருந்து பரவியதாகக் கருதப்படும் இம்மரபில், டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி வரை அத்தொட்டி வெறுமையாகவே கிடக்க, அதன்பின்னரே பாலன் திருவுருவம் அதில் கிடத்தப்படுகிறது. பாட்டியும் குடிலும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன: வரவிருக்கும் பிள்ளையை இப்போதே கைக்குள் வந்துவிட்டதாக எண்ணி உரிமை கொண்டாடுவதற்கு இரண்டுமே இடம் தருவதில்லை.

இந்தக் காத்திருப்புக்குக் கடலூர் மாவட்டத்திலேயே ஒரு திருத்தலம் உண்டு. விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதா, தமிழ்ப் பெண்ணைப்போலச் சேலை உடுத்திக் கையில் குழந்தையுடன் நிற்கிறாள். விருத்தாசலத்துச் சிவன் கோயில் அம்மையின் பெயரையே தாங்கிய இவ்வன்னைக்குக் கோயில் எடுத்தவர், வீரமாமுனிவர் என்று தமிழர் போற்றும் இத்தாலிய இயேசு சபைத் துறவி கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி (1680–1747). சுரூபம் மணிலாவில் செய்து வரவழைக்கப்பட்டது என்றும், பிள்ளையின்றி வருந்திய முகாசபரூர்க் கச்சிராயர் அன்னைக்கு ஆலயம் கட்டித்தர மகப்பேறு பெற்றார் என்றும் தல மரபு கூறுகிறது. வரலாற்றுச் சான்றாக அதை எடுத்துக்கொள்ளாதவரும், ஒரு தலத்தின் தோற்றக் கதையே பிள்ளைக்காக ஏங்கிய தகப்பனின் கதையாக அமைந்திருப்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஏனெனில் வீரமாமுனிவரின் பெருங்காப்பியமும் ஒரு தகப்பனைப் பற்றியதே. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியின் தலைவர், சூசை எனப்படும் யோசேப்பு. அவருக்கு முனிவர் சூட்டிய தமிழ்ப்பெயர் வளன். (முனிவரின் சொந்தப் பெயரிலும் ஜுசெப்பே வடிவில் அந்த யோசேப்பு ஒளிந்திருக்கிறார்.) மரியா கருவுற்றதை அறிந்த யோசேப்பின் கலக்கத்தை மத்தேயு நற்செய்தி சில வசனங்களில் சொல்லி முடித்துவிட, தேம்பாவணி அந்த ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலமும் நீங்குவதற்கு ஒரு படலமும் ஒதுக்கி, அதற்குப் பின்னரே குழந்தையின் பிறப்புக்கு வருகிறது. பிள்ளைப்பேற்றுக்குக் கணவனும் மனத்தால் ஆயத்தப்பட வேண்டும், அவ்வாயத்தம் வலியில்லாமல் நிகழ்வதில்லை என்பதை 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியம் ஒன்று இவ்வளவு விரிவாகப் பாடியிருப்பது வியப்புக்குரியது. வளையல் அடுக்குவதும் பத்தியம் சொல்வதும் பெண்களின் வேலை, செலவுக்குப் பணம் தருவதோடு ஆணின் வேலை முடிந்தது என்று ஒதுங்குகின்ற குடும்பங்கள், அக்காப்பியத்தைப் போற்றும் சபைகளிலும் இன்றளவும் குறைவின்றி உள்ளன.

கடலூர்க் கரையில் இவ்வொதுக்கம் ஆபத்தாகவும் முடியக்கூடும்; பேரிடர்கள் பல இங்கே இந்தப் பருவத்திலேயே வந்துள்ளன. ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் சோனாங்குப்பத்தையும் தாக்கியது 2004 டிசம்பர் 26 காலை, விழாவுக்கு மறுநாள். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. 2015இன் வடகிழக்குப் பருவமழையிலோ ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. புயல் எச்சரிக்கை வந்ததும் பேறுகாலம் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே மருத்துவமனைகளுக்கு அனுப்புவதை நலவாழ்வுத் துறை நடைமுறையாகக் கொண்டிருந்தாலும், கிராமச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் இருப்பதும், அழைத்துப் போக ஆள் இருப்பதும் வீட்டாரின் கையில்தான் உள்ளன.

ஆகவே பங்குப் பேரவைகளுக்கும் சபை மூப்பர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. குடில் கட்டவும் கீத பவனிக்கும் இளைஞர் குழு அமைப்பதைப்போலவே, முதல் ஞாயிறன்றே ஊரின் கர்ப்பிணிகளுடைய பேறுகாலத் தேதிகளை அவர்தம் இசைவுடன் கேட்டறிந்து, இரத்தம் கொடுப்பவர் யார், இரவில் வண்டி எடுப்பவர் யார், தெருவில் தண்ணீர் ஏறினால் எவ்வழியே சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ கொண்டுசெல்வது என்பனவற்றை ஆண்களே எழுதிவைத்து, நான்காம் ஞாயிறுக்குள் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். மதம் கேளாமல் எல்லாத் தெருவின் தாய்மார்க்கும் அப்பட்டியலில் இடம் இருக்க வேண்டும்.