கையைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்

டிஜிட்டல் சிற்பம் கற்கும் இளைஞர்களுக்கான பயிலரங்கின் தொடக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.



இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது யூடியூபில் தலை செய்யும் வீடியோ பார்த்திருப்பீர்கள். திரையில் ஓர் உருண்டை. அதை இழுக்கிறார்கள், அமுக்குகிறார்கள், மூன்று நிமிடத்தில் ஒரு கிழவரின் முகம் நம்மைப் பார்க்கிறது. பின்னணியில் இசை வேறு. நாள் முழுக்கச் செய்த வேலையை மூன்று நிமிடத்தில் ஓட்டியிருக்கிறார்கள். நாமும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு லைக் போடுகிறோம். மறுநாள் பிளெண்டரைத் திறந்தால் அதே உருண்டை நிற்கிறது. எங்கே கை வைப்பது என்று தெரியாது.

இந்த வகை வீடியோவுக்கு நான் வைத்திருக்கும் பெயர் தரிசனம். வெளியே நின்று பார்க்கலாம், கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம், உள்ளே வரக்கூடாது. நம் ஊரில் தொழில் ரகசியத்தை இப்படித்தான் காத்தார்கள். சிலையைத் தேரில் வைத்து வீதிக்குக் கொண்டுவந்தார்கள். சில வீதிகளுக்கு அதுவும் வராது. சிலையைச் செய்யும் கணக்கு மட்டும் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது, அதே வீட்டு மகளுக்குக்கூடப் போகவில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைத்தது என்று 1936இல் அண்ணல் எழுதினார். அய்யனார் குதிரைக்கு மண் பிசைகிற குயவர் கைக்கும் கருவறைக் கல்லைத் தொடுகிற கைக்கும் நடுவில் அந்த அடுக்குதான் இருக்கிறது. கைத்திறன் இரண்டிலும் உண்டு, மரியாதை ஒன்றுக்குத்தான்.

ஏகலைவன் கதையை நாம் நிறையப் பேசிவிட்டோம். வில்லைப் பற்றியும் விரலைப் பற்றியும்தான் பேசினோம். யாரும் சொல்லித்தராமல் களிமண்ணில் ஒரு மனிதரை உருவாக்கினான் என்றால் அவன் நல்ல சிற்பியாகவும் இருந்திருக்க வேண்டும். கட்டைவிரல் போனால் அம்பு விடுவது மட்டுமல்ல, மண் பிசைவதும் போய்விடும். சரி, அதை விடுங்கள்.

இன்று உங்கள் கையில் இருக்கிற பிளெண்டரும் ஒரு காலத்தில் பூட்டிக் கிடந்ததுதான். அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, பயன்படுத்தியவர்களே 2002இல் ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை விடுவித்தார்கள். ஊர் கூடிக் காசு போட்டு வாங்கிய உளி அது. ஸிபிரஷ் போன்ற மென்பொருள்கள் அருமையானவைதான். ஆனால் சந்தா கட்டி ஓட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதனால் நான் பிளெண்டரில்தான் பாடம் எடுக்கிறேன்.

உளி இலவசம் என்பதால் பட்டறைக் கதவு திறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பிளெண்டரின் புதிய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், ஓரளவு புதிய கிராஃபிக்ஸ் வேண்டும். பாடம் எடுப்பவர் தன்னிடமுள்ள பெரிய கணினியில் கோடிப் பலகோணங்களைச் சுழற்றிக் காட்டிவிட்டு "சிம்பிள் தான் ப்ரோ" என்கிறார். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கிய மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு தங்கை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தப் பாடத்தில் இடமே இல்லை. இத்தனைக்கும் பிளெண்டரின் பழைய பதிப்புகள் அத்தனையும் அதன் தளத்திலேயே கிடைக்கின்றன. 2017இல் வந்த 2.79 அந்த மடிக்கணினியிலும் ஓடும். அதில் ரீமெஷ் வசதி இன்றுள்ளதுபோல இருக்காது, வலது கிளிக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் டைன்டோபோ இருக்கிறது, தேவையான இடத்தில் மட்டும் மண் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு முகம் செய்ய அது தாராளம். ஆகவே பாடம் எடுக்கிறவர் முதல் நிமிடத்தில் மூன்று தகவல் சொல்ல வேண்டும்: எந்தப் பதிப்பு, எவ்வளவு ராம், மவுஸா பேனாவா.

மவுஸ் பற்றி ஒரு வார்த்தை. பேனா டேப்லெட் இல்லாவிட்டால் ஸ்கல்ப்டிங் வராது என்று பயமுறுத்துவார்கள். பேனாவில் அழுத்தத்துக்கு ஏற்ப ஆழம் வரும், மவுஸில் வராது, வித்தியாசம் அவ்வளவுதான். ஷிப்டும் எஃப்பும் சேர்த்து அழுத்தி பிரஷ்ஷின் வலிமையைக் குறைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் நாலு முறை தடவினால் போதும். நேரம் கூடுதலாக ஆகும். இதை மவுஸிலேயே செய்து காட்டினால்தான் நம்புவார்கள், வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அடுத்தது மொழி. தமிழில் பாடம் எடுக்கப் போகிறேன் என்றதும் சிலர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பொத்தானில் 'கிராப்' என்று எழுதியிருக்கும்போது நான் அதற்கு ஒரு தூய தமிழ்ப் பெயர் வைத்தால், கற்பவர் அந்தப் பெயரைத் திரை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். பொத்தானின் பெயரை அப்படியே சொல்லுங்கள். அது என்ன செய்கிறது என்பதை உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். 'கிளே ஸ்ட்ரிப்ஸ்' என்றால் மண்ணை வாரி அப்புவது, 'ஸ்மூத்' என்றால் வழித்து விடுவது, 'பிஞ்ச்' கிள்ளுவது, 'கிரீஸ்' நகத்தால் கீறுவது. 'இன்ஃபிளேட்'டுக்குப் பூரி உப்புவதைச் சொன்னால் போதும். குடிசைச் சுவருக்கு மண் பூசிய நம் பாட்டிகளுக்கு இந்த வினைச்சொற்கள் எல்லாம் தெரியும். கலைச்சொல் இல்லை என்று தமிழைக் குறை சொல்பவர்கள் மண் தொட்ட வீட்டில் போய்க் கேட்டதில்லை.

வேகமாக ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எந்த விசையை அழுத்துகிறீர்கள் என்பது திரையின் மூலையில் தெரிய வேண்டும், அதற்கான ஆட்-ஆன் இலவசமாகவே கிடைக்கிறது. மூக்கு கோணலாகி, திரும்பத் திருத்துகிற பத்து நிமிடத்தை வெட்டி எறியாதீர்கள். கற்பவர் மாட்டிக்கொள்ளப்போவது அந்த இடத்தில்தான். தமிழில் வசன வரியும் போடுங்கள். ஒரே அறையில் ஆறு பேர் தூங்கும்போது சத்தம் வைத்துப் பார்க்க முடியாது.

இனி எதைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதற்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்தேன்.

பழைய சிற்ப நூல்களில் தாளம் என்று ஒரு கணக்கு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம். பெருந்தெய்வத்துக்குப் பத்துத் தாளம், கீழே வர வரத் தாளம் குறையும், பூதகணம் குட்டையாக நாலு தாளத்தில் நிற்கும். உடம்பின் அளவிலேயே வரிசை வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கும் நம் யூடியூப் தலைமுறை என்ன செய்கிறது? 'அழகான முகம்' என்ற பாடத்தில் கிரேக்கப் பளிங்குத் தலை வருகிறது. 'அசுரன் செய்வது எப்படி' என்ற பாடத்தில் அகன்ற மூக்கு, தடித்த உதடு, கறுப்பு நிறம் வருகின்றன. நண்பர்களே, அந்த மூக்கு என் அம்மாவின் மூக்கு.

நான் பிள்ளையார் செய்தேன், முருகன் செய்தேன். கற்பவர்கள் கேட்டார்கள், செய்தேன். டுடோரியலில் மதம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணலின் மார்பளவுச் சிலையைப் பாடமாகப் போட்ட அன்றைக்குத்தான் "கலையில் அரசியல் வேண்டாம் ப்ரோ" என்று வந்தார்கள். இன்னும் நாசூக்கானவர்கள் "ப்ரோ எந்த ஊர்?" என்றார்கள். ஊரைச் சொன்னதும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார்கள். கீபோர்டில் கேட்டாலும் அது டீக்கடையில் கேட்ட அதே கேள்விதான்.

அந்தப் பாடத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், மதியம் நீங்கள் செய்யப்போவதும் அதைத்தான். நம் தெருக்களில் நிற்கும் பல சிலைகளில் நீலக் கோட்டு இருக்கும், புத்தகம் இருக்கும், நீட்டிய விரல் இருக்கும். முகம் மட்டும் அண்ணலாக இருக்காது. காசு குறைவு, அவசரம், கையில் இருந்தது ஒரே ஒரு தெளிவில்லாத படம். அந்த சிமெண்ட் சிற்பிகளை நான் குறை சொல்லமாட்டேன். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. அண்ணலின் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. மாணவராக இருந்த காலத்து ஒடுங்கிய முகத்தையும் 1950களின் ஊதிய கன்னத்தையும் கலந்துவிடாதீர்கள், ஒரு வயதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். திரையின் குவியத் தூரத்தை 85 அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூக்கு முன்னால் துருத்தும். கண்ணாடியைக் கடைசியில் மாட்டுங்கள். பலர் கண் வராததை மறைக்கக் கண்ணாடியை முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். சிமெட்ரியை முடிவதற்கு முன் அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருந்தால் அது பொம்மை, மனிதர் அல்ல.

இப்படி நாம் செய்யும் கோப்பை முப்பரிமாண அச்சில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அண்ணல் சிலையை உடைத்தார்கள், வேறு சிலை வைக்கப்பட்டது. கோப்பு இருந்தால் எத்தனை முறை உடைத்தாலும் திரும்ப அச்சடிக்கலாமே என்று ஒரு தம்பி உற்சாகமாகச் சொன்னார். உற்சாகம் நல்லது. ஆனால் அந்தச் சண்டை சிமெண்டைப் பற்றியது அல்ல, தெருவில் யார் நிமிர்ந்து நிற்கலாம் என்பதைப் பற்றியது. இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் சிலைகளைக் கோப்பு விடுவிக்காது. ஒன்று மட்டும் செய்யும். ஒரு சேரிப் பிள்ளைகள் தங்கள் தெருவுக்கான முகத்தைத் தாங்களே உருவாக்க முடியும்.

காசைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் பிள்ளை பாடம் எடுத்தால் "சமூகத்துக்காக இலவசமாகச் செய்" என்கிறார்கள். மாதக்கணக்கில் பொத்தான்களை மட்டும் சொல்லிக்கொடுத்துப் பெரும் பணம் வாங்கும் பயிற்சி மையத்திடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்தார், இலவசம் என்று வைக்கவில்லை. என் வழக்கம் இது: வீடியோவில் எதையும் மறைப்பதில்லை, 'மீதி கட்டண வகுப்பில்' என்று நிறுத்துவதில்லை. உங்கள் கோப்பை வாங்கி உட்கார்ந்து திருத்தித் தருவதற்குக் காசு வாங்குகிறேன், ஏனென்றால் அது என் நேரம். இதிலும் முரண் இருக்கிறது. திருத்தித் தருவதில்தான் உண்மையான கல்வி நடக்கிறது, காசில்லாதவருக்கு அது கிடைப்பதில்லை. பழைய மாணவர்கள் புதியவர்களின் கோப்பைத் திருத்தும் முறையைத் தொடங்கியிருக்கிறோம். பாதிதான் நடக்கிறது. பெண்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள், ஆண்கள் 'செம ப்ரோ' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அடுத்த தொடருக்கு மீனாம்பாள் சிவராஜின் முகத்தை எடுக்கலாம் என்றிருக்கிறேன். பெண் முகம் என்றாலே கூரிய தாடையும் பெரிய கண்ணும் என்று பழகிப்போன கைகளுக்கு அது நல்ல வேலை கொடுக்கும். அவருடைய தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் காட்டுங்கள்.

பழைய மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள். 2.79 பென்டிரைவில் இருக்கிறது. பெரிய கணினிக்காரர்கள் பின்னால் உட்காரலாம், பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது.