பெரியவர்களுக்கும் இரும்புக்கை மாயாவி

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகையை எடை போட்டு அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்காரும் ஐம்பது வயதுக்காரருக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்? இளையோர் கதைத்தொடர் ஒன்றைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் பிறந்த கதை அது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வலது கைக்குப் பதில் இரும்புக்கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். பத்து வயதில் படித்தவர்களுக்கு அந்தக் கைதான் பெரிது. ஐம்பதில் வேறொன்று பிடிபடும். யார் கண்ணுக்கும் தெரியாத வசதி கிடைத்ததும் அந்த மனிதர் முதலில் போவது தப்பு வழிக்கு. நல்ல பக்கம் வருவதெல்லாம் பிறகுதான். அதனால் இந்தத் தொடரை முதல் கதையிலிருந்து படிப்பதே சரி. ஸ்பெயின் ஓவியர் பிளாஸ்கோ தீட்டிய கறுப்பு வெள்ளை நிழல்களை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

படக்கதை வேண்டாம் என்பவருக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' இருக்கிறது. 'தினமணி' சிறுவர்மணியில் தொடராக வந்த இமயமலைச் சாகசம்.

கூச்சம் எதற்கு? ஹாரி பாட்டரைக் கையில் வைத்திருக்கப் பெரியவர்கள் தயங்கக்கூடாது என்று லண்டனின் ப்ளூம்ஸ்பரி நிறுவனம் 1998இல் முதல் பாகத்துக்குத் தனி அட்டையே போட்டது. உள்ளே அதே கதைதான். நம் வீடுகளில் அட்டையை மாற்ற வேண்டிய தேவைகூட இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பியதும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம்.